மூலை இல்லாத பந்திக்கூடம்

நான் வரைந்து கட்டிய முதல் கட்டடத்தில் மூலையே கிடையாது. அதைப் பெரிய சாதனை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். என் தாய்மாமன் பல வருடங்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேசியதற்கும், என் ஆத்தா கடைசிவரை தம்பியோடு நேருக்கு நேர் பேசாமல் போனதற்கும் காரணம் அந்தக் கட்டடமும் அதை வரைந்த நானும்தான். மாமா மேல் ஒரு தப்பும் இல்லை.

நாச்சியாபுரத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். செட்டியார் வீடுகளில் கல்யாணத்தை வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொள்வார்கள். ஊரையே உட்கார வைக்க அங்கே இடம் உண்டு. எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்கள் தெருவில் பந்தல் போட்டாக வேண்டும். மழை வந்தால் ரசத்தில் விழும். அறுபதுகளின் நடுவில், நான் சென்னையில் கட்டடக்கலை படித்து முடித்து வந்த சமயம், ஊர்ப் பொதுவில் ஒரு பந்திக்கூடம் கட்டுவதென்று முடிவாயிற்று. வரைபடம் என் பொறுப்பு.

ஊர்க்கூட்டத்தில் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "நீளமா ஒரு கூடம் தம்பி. ரெண்டு பக்கமும் வரிசையா இலை போடணும். பின்னால சமைக்க ஒரு கொட்டகை. அம்புட்டுத்தான்."

நான் தலையாட்டிவிட்டுப் போய் வட்டமாக ஒரு கூடம் வரைந்தேன். மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கூரை. அடுத்த கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைத்து ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். பந்தியில் முதல் இலை, கடைசி இலை என்ற பேதம் ஒழிய வேண்டும். வட்டத்தில் முதல் ஏது, கடைசி ஏது? எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்துச் சாப்பிடலாம். உள்ளூர்ச் சுண்ணாம்பையே பயன்படுத்துவோம். மண்ணுக்கும் மக்களுக்கும் ஏற்ற கட்டடம் என்றேன்.

வரைபடத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு கரும்பு போடுகிற ஒரு மீசைக்காரர் கேட்டார்: "அப்ப மூலை?"

"மூலை எதற்கு?"

"கோவிச்சுக்கிட்டு வர்ற ஒறமொறையை எங்க உக்கார வைக்கிறது? மூலையில வச்சாத்தான நாலு பேரு போயிக் கெஞ்ச முடியும். நட்டநடுவுல வச்சுக் கெஞ்சினா கெஞ்சுறவனுக்கும் மரியாதை இல்ல, கோவிச்சவனுக்கும் மரியாதை இல்ல."

நான் சிரித்தேன். கட்டடக்கலைப் புத்தகம் எதிலும் இப்படி ஒரு தேவையை நான் படித்ததில்லை. கூட்டம் என் வரைபடத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்திருக்கும். மாமா எழுந்ததால் தப்பித்தேன். மாமாவுக்கு இயற்கையிலேயே மெல்லிய குரல். பஸ்ஸை நிறுத்த வேண்டுமென்றால்கூட வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லுவார். அவர் எழுந்தால் எல்லோரும் முன்னால் சாய்வார்கள்.

"படிச்ச புள்ள. யோசிக்காமயா வரைஞ்சிருக்கும். கட்டிப் பாப்போம்" என்றார். கட்டினோம்.

சுவருக்கு எங்கள் பக்கத்துப் பூச்சு. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு வழுவழுப்பாக்கினார்கள். ஒருநாள் நான் உள்ளே சுவரோரம் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம், எனக்கு முதுகைக் காட்டி வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார், பீடிக்கு நெருப்பில்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அது என் காதோரத்தில் சொன்னதுபோலக் கேட்டது. நான் நடந்துபோய்த் தீப்பெட்டியை நீட்டினேன். அவர் பயந்துவிட்டார். தம்பிக்குப் பாம்புச்செவி என்று பேச்சுப் பரவி, அதன்பிறகு வேலையாட்கள் யாரும் கூடத்துக்குள் என்னைத் திட்டுவதில்லை.

பாம்புச்செவி இல்லை என்று எனக்குத் தெரியும். வட்டச் சுவரும் கவிந்த கூரையும் கண்ணாடிப் பூச்சும் சேர்ந்து, சுவரோரம் பேசுகிற ரகசியத்தை அப்படியே சுற்றிக் கொண்டுபோய் எதிரே சேர்த்தன. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல நாளில் இதை எல்லோருக்கும் வேடிக்கையாகக் காட்டிக் கைதட்டு வாங்கலாம் என்று ஆசை.

கூடத்தில் நடந்த முதல் கல்யாணம் என் தங்கையுடையது. மாப்பிள்ளை வீட்டார் இளையாத்தங்குடிப் பக்கம். காலையில் தாலி கட்டியாயிற்று. பந்திக்கு அவர்கள் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, கனத்த மனிதர், நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"முத இலை எது?"

"எல்லாமே முதல் இலைதான்" என்றேன் பெருமையாக.

"அப்ப நான் எதுல உக்கார?"

"எதில் வேண்டுமானாலும் உட்காரலாம்."

அவர் உட்காரவில்லை. அவர் உட்காராததால் அவர் தம்பியும் உட்காரவில்லை. தம்பிதான் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. அவர் உட்காராததால் அந்தக் கூட்டமே நின்றது. பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றார்கள். எந்த இலையில் ஆரம்பிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மாமாதான் வழி செய்தார். சமையல் கொட்டகையிலிருந்து வரும் வாசலுக்கு வலப்பக்கம் முதல் இலை என்று பெரியப்பாவை உட்கார வைத்தார். சம்பந்தி எதிர்ச்சுவரின் நடுவில், தன் பங்காளிகளோடு உட்கார்ந்தார். "பொண்ணு வீடுன்னு நிக்காதீக, நீங்களும் உக்காருங்க" என்று அவர்கள் வற்புறுத்தியதால் மாமா வாசலுக்கு இடப்பக்கம், கடைசி இலையில், மரியாதைக்கு உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

அப்போதுதான் என் வட்டத்தின் அழகு தெரிந்தது. நீளமான கூடத்தில் முதல் இலைக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்பது கடைசி இலைக்காரருக்குத் தெரியாது. இங்கே இருவருக்கும் நடுவில் ஒரு வாசல்தான். பெரியப்பாவுக்கு உப்பு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது, குழம்பு வந்தது. ஒவ்வொரு வாளியும் எங்கள் மூக்குக்கு முன்னால் கிளம்பி, ஊரெல்லாம் சுற்றி, பாதி வழியில் தீர்ந்து, மறுபடி நிரப்பப் போனது. பெரியப்பாவால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் காய்ந்த இலையும் எங்கள் முகமும். பாவம், தலையைக் குனிந்து இன்னும் வேகமாகச் சாப்பிட்டார்.

மாமா என் பக்கம் சாய்ந்து, வழக்கமான குரலில், அதாவது எனக்கே பாதி கேட்காத குரலில் சொன்னார்: "மாப்பிள்ளை, பெரியவரு ரசத்துக்கு வந்துட்டாரு. எனக்கு இன்னும் உப்பே வரலை. அவுக வீட்ல ரெண்டு நாளா அடுப்பு மூட்டலை போல."

எதிரே, வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார் சம்பந்தி.

"யாரு வீட்ல அடுப்பு மூட்டலை?"

கையில் சோற்றோடு எழுந்தார். இலையை விட்டு ஒருவர் பாதியில் எழுந்தால் அது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. அவரோடு பங்காளிகளும் எழுந்தார்கள். ஒருவர் மட்டும் அப்பளத்தைக் கடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"கூட்டத்துக்கு நடுவுல இப்படிக் கத்திச் சொல்லுறாரே" என்றார் சம்பந்தி, மாமாவைக் கைகாட்டி.

"அவரா கத்தினாரு? எங்களுக்கு ஒண்ணுமே கேக்கலை" என்றார்கள் நடுக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள்.

"இம்புட்டுத் தூரத்துல இருக்க எங்க காதுக்கே கேட்டுச்சு, அவருக்குக் கிட்டக்க இருக்க உங்களுக்குக் கேக்கலையாக்கும். உப்பு வரலைன்னாரு, அடுப்புன்னாரு. சொன்னாரா இல்லையா, அவரையே கேளுங்க."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை போதும். அவர் மெதுவாகத்தான் சொன்னார், சுவர்தான் கொண்டுவந்து ஒப்பித்தது, வேண்டுமானால் நீங்களே பேசிப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நெற்குப்பைப் பக்கமிருந்து நாலு பேர் கூடத்தைப் பார்க்க வந்து வாசலில் நின்றிருந்தார்கள். தங்கள் ஊருக்கும் இதேபோல ஒன்று கட்ட வேண்டுமாம். எனக்கு வரப்போகிற இரண்டாவது வேலை. நான் குனிந்து, பருப்பு விழாத என் இலையின் நரம்புகளை ஆராய்ந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஆத்தா வந்தாள். தம்பிக்கு முன்னால் நின்றாள். "எம் மக வாழப்போற வீட்டை, அவுக சோத்துல கை வச்சிருக்கையில, ஊரறியக் கூவியிருக்கியே. இனிமே எங்கிட்டப் பேசாத."

மாமா அந்த நடுக்கூடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சமாதானம் பேச மூலை இல்லை. மீசைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புது இலை போட்டு, சம்பந்தி வீட்டார் மறுபடி உட்கார்ந்தார்கள். மாமா சாப்பிடவில்லை. தங்கை கண் வீங்கி வண்டி ஏறினாள்.

அதன்பிறகு மாமா தன் குரலை நம்புவதை விட்டுவிட்டார். தன்னை அறியாமல் கத்திவிடுகிற ஏதோ ஒரு கோளாறு தனக்கு இருப்பதாக முடிவு செய்துகொண்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஒருமுறை மதுரையிலிருந்து வருகிற பஸ்ஸில் திருப்பத்தூருக்கு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் காரைக்குடிக்குக் கிழித்துக் கொடுத்தார். மறுத்துச் சொன்னால் சத்தம் போட்டதாகிவிடும் என்று காரைக்குடியிலேயே இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஆத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மதுரையில் வேலையிலிருந்த நான் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாமா என்னைப் பார்க்க வருவார். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம்.

"அந்த மனுசனுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பாள் ஆத்தா.

"காப்பி வேணுமா மாமா?"

"குடுத்தாக் குடிக்கிறேன்னு சொல்லு மாப்பிள்ளை."

"சீனி போடலாமா, வைத்தியரு வேணாமின்னாரான்னு கேளு."

வருடக்கணக்கில் அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் இப்படிச் சீனி கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நாளாக ஆக, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேட வேண்டியிருந்தது.

ஊரும் அந்தக் கூடத்தில் அப்புறம் பந்தி வைக்கவில்லை. பக்கத்திலேயே நீளமாக ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டார்கள். கூடத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். யூரியா மூட்டைகளைச் சுவரோடு சுவராகக் கூரை தொடும் வரை அடுக்கிவிட்டார்கள். அதற்குள் இனி இடி விழுந்தாலும் எதிரொலிக்காது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நெற்குப்பைக்காரர்கள் அப்புறம் வரவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஆத்தா இறந்தாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மாமா கொண்டுவந்து போர்த்தினார். குனிந்து ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

கருமாதி முடிந்த பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனாரின் பீடியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப நான் கத்தலை."

"கத்தலை மாமா."

"இதை எங்கக்கா இருக்கையில சொல்றதுக்கு என்ன மாப்பிள்ளை?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "ஊர்ல சொல்லிரு. நான் போறதுக்குள்ள சொல்லிரு."

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். சுவர், பூச்சு, கூரை, நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். மாமா என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. "செவரு பேசுச்சாம்" என்றார் ஒருவர். மூட்டைகளை இறக்கினால் இப்போதே காட்டுகிறேன் என்றேன். நடவு நேரத்தில் யூரியாவில் கை வைக்க முடியாது என்றார் சங்கத்துக்காரர். தலை நரைத்துப்போன மீசைக்காரர்தான் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"போதும் தம்பி. தாய்மாமன் பேரைக் காப்பாத்த இம்புட்டுப் படிச்ச நீங்க இம்புட்டுப் பெரிய பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறீக. இந்தப் பாசம் இந்தக் காலத்துல யாருக்கு வரும்? உக்காருங்க."

நாலு பேர் ஆமாம் என்றார்கள். பின்னால் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறுபடி ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்தவர் அன்பாக என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அப்போது மாமா எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊரைப் பார்த்து, தன் சொந்தக் குரலில் நீளமாக ஏதோ சொன்னார். முதல் வரிசையில் இருந்தவர்கள் காதைக் குவித்தார்கள்.

"சத்தமாச் சொல்லுங்கய்யா, ஒண்ணும் கேக்கலை" என்றார்கள் பின்னாலிருந்து.

எடுத்துச் சொல்லச் சொல்வதுபோல மாமா என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த எனக்கும் பாதிதான் கேட்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.