காலியாக இறங்கிய லாரி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றி இறங்கும்போது, பாதி மலையில் என் லாரியின் கிளட்ச் போய்விட்டது. மண்டியில் ஏலம் தொடங்குவதற்குள் சேராவிட்டால் அடிமாட்டு விலைதான். நம்பி ஏற்றிவிட்ட விவசாயி முகத்தில் எப்படி முழிப்பேன்?

பின்னால் ஒரு காலி லாரி வந்தது. ஓட்டியவர் சண்முகம் அண்ணன். அன்று காலையில்தான் வாடகையைக் குறைத்துச் சொல்லி, அவருக்கு வரவேண்டிய இந்த லோடை நான் தட்டிப் பறித்திருந்தேன். பார்க்காத மாதிரி திரும்பி நின்றேன்.

லாரி நின்றது. "ஏனுங்க தம்பி, லோடைப் புடிச்சுட்டு ரோட்டுல வேடிக்கை காட்டறீங்களா? தார்ப்பாயை அவுத்துவுடுங்க, என் வண்டிக்கு மாத்தலாம்."

"வாடகை பூராவும் நீங்களே எடுத்துக்கங்கண்ணா."

"நீங்க பேசுன வாடகை டீசலுக்கே பத்தாதுங்க! ஒரு டீ வாங்கிக் குடுங்க. காலியா எறங்குனாலும் வண்டி டீசல் குடிக்கத்தானே செய்யுது?"

ஏலத்துக்கு முன்பே சேர்ந்துவிட்டோம். போன உயிர் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் லோடு வந்தால், வாடகை பேசும் முன்பே அவருக்குத்தான் போன் போடுகிறேன்.

"அண்ணா, காலியா எறங்கறீங்களா?"