கண்ணுக்குத் தெரியாத பதின்மூன்று

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கமா அக்கா. அறிக்கையில் ஒரு கமா விட்டுப்போனால் மூன்று மேசை தள்ளி இருந்தே பிடித்துவிடுவாள். பதினான்கு வருடமாகப் பிறர் பிழையைப் பொறுக்கியே பேர் வாங்கியவள். அந்தப் பேரைக் கேட்டாலே இப்போது அவளுக்குக் கூசுகிறது.

தெருத் தெருவாக எடுத்து வந்த தண்ணீரைக் கருவி சோதித்து, வரிக்கு ஒரு தெருவாகக் கோப்பில் எழுதும். ஒவ்வொரு வரியும், குடிக்க 'ஆகும்' என்றோ 'ஆகாது' என்றோ முடியும். 'ஆகாது' வரிகளை மட்டும் பொறுக்கி எச்சரிக்கைப் பட்டியல் போடும் கணினி நிரல் அவள் எழுதியது. அதில் அந்தச் சொல்லை ஒட்டி ஒரு டாலர் குறி வைத்திருந்தாள். சொல் முடிந்த கையோடு வரியும் முடிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியை எடுக்காதே என்பது அதன் பொருள்.

மூன்று வாரமாகப் பட்டியல் காலி. மேலாளர் பூரித்துப்போனார். நடுவில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, தண்ணியில ஒரு வாடை வருது. குடிக்கலாமா?"

"பட்டியல்ல உன் தெரு இல்லடி. தாராளமா குடி."

இன்று காலை அதே தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். "சின்னவளுக்கு வயித்தால நிக்காம போகுதுக்கா. ட்ரிப்ஸ் ஏத்துறாங்க. என்ன தண்ணி குடிச்சாள்னு டாக்டர் கேக்குறாரு."

அவள் மூலக் கோப்பைத் திறந்தாள். தங்கையின் தெரு, மூன்று வாரமும், ஆகாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் வரியில் ஒரு குறை தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும், கண்ணுக்குத் தெரியாத குறிக்கும்கூட, கணினியில் ஓர் எண் உண்டு; வரியை அந்த எண்களாகத் திரையில் வரவைத்தாள். பழைய கோப்பில் வரி முடிவுக்கு 'பத்து' மட்டும் இருந்தது. புதிய கோப்பில் அதற்கு முன்னால் ஒரு 'பதின்மூன்று' குந்தியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் கருவிக்குப் புதிதாக மாட்டிய கணினி வரியை அப்படித்தான் முடிக்குமாம். சொல்லுக்கும் வரி முடிவுக்கும் நடுவே அது புகுந்துகொண்டதில் ஒரு வரிகூட நிரலிடம் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததை ஒன்றும் கெடவில்லை என்று எடுத்துக்கொண்டது நிரல் இல்லை, அவள்.

பதின்மூன்று இருந்தாலும் இருக்கட்டும் என்று நிரலில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாள். நாற்பத்தொரு தெரு வந்து விழுந்தது.

"அதான் சரிபண்ணிட்டீங்கல்ல? இன்னைக்குத் தேதி போட்டு அனுப்பிடுங்க. பழசைக் கிளற வேண்டாம்," என்றார் மேலாளர். "கண்ணுக்கே தெரியாத எழுத்துக்கு யாரும்மா பொறுப்பு?"

சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய பாட்டிலைத் திருகி ஒரு மடக்குக் குடித்தார். காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. அந்தப் பேச்சு ஒரு நொடி தனக்கும் இதமாக இருந்ததே, அந்த அருவருப்புதான் தாங்கவில்லை.

மூன்று வாரப் பட்டியலையும் உண்மைத் தேதியோடு சுகாதாரத் துறைக்கு அனுப்பினாள். பிறகு தங்கைக்குப் போன் செய்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லு, தண்ணிதான். மூணு வாரமா கெட்டது. குடின்னு சொன்னது நான்."

தங்கை திட்டவில்லை. "அன்னைக்கே கொதிக்க வைக்கலாம்னு பாத்திரத்தை அடுப்புல ஏத்திட்டேன்க்கா. நீ சொன்னதும் எறக்கி வச்சிட்டேன்."