மூட்டத்தின் மேல் ஆள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது எனக்கு நடந்தது.

கரிமூட்டம் போடுவது என் தொழில். விறகை வட்டமாக அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடி, உள்ளே தீ வைப்போம். நாள்கணக்கில் புகையும். எங்காவது மண் உள்வாங்கினால் உடனே அடைக்க வேண்டும். விட்டால் காற்று புகுந்து அத்தனையும் சாம்பல். அடைக்க ஒருவர் பலகை வழியாக மேலே ஏறுவார், ஒருவர் கீழே நிற்பார். கீழே ஆள் இல்லாமல் ஏறவே கூடாது. கால் உள்ளே போனால் இழுக்க ஆள் வேண்டாமா?

அந்த முறை என்னோடு வந்தவன் மச்சினன், என் மனைவியின் தம்பி. சரியான வாயாடி. அவன் பெண்டாட்டி ஏழு மாதம். கிளம்பும்போது, "அண்ணே, இவரை முழுசா கொண்டுவந்து விட்டுடுங்க," என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் பயந்திருந்தாள்.

அது நட்டு வளர்த்த காடு. வரிசை வரிசையாக ஒரே மரம். நடுவில் ஓர் இடம் மட்டும் வட்டமாக, சமமாக, மொட்டையாகக் கிடந்தது. மண் கறுப்பு.

"மாமா, நமக்குன்னே எவனோ தட்டி வச்ச மாதிரி இருக்கு!"

தரையைச் சமப்படுத்தும் வேலை மிச்சம் என்று அங்கேயே மூட்டம் போட்டோம். புத்தி எங்கே போனதோ!

மூன்றாம் நாள், பொழுது சாயும் நேரம். மச்சினன் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனான். நான் கூடாரத்தில் உலை வைத்துக்கொண்டிருந்தேன்.

தொப்… தொப்…

மூட்டத்தின் மேல் யாரோ நடந்தார்கள். ஓடினேன். புகையில் ஆள் தெரியவில்லை.

"மாமா, இங்க இறங்குது. மண்ணு குடுங்க."

அவன் குரல்தான். "எப்படா வந்தே? சொல்லாம ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" திட்டிக்கொண்டே கூடையில் மண்ணை அள்ளி நீட்டினேன். ஒரு கை வாங்கியது. காலிக் கூடை திரும்பி வந்தது.

கூடை சில்லென்று இருந்தது. நெருப்பின் மேலிருந்து வந்த கூடை…

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் புகையில் யாராலும் இருமாமல் நிற்க முடியாது. இவன் ஒரு தடவைகூட இருமவில்லை.

"ஏறி வாங்க மாமா. ஒத்தையா முடியல."

என் கால் பலகையின் மேல் இருந்தது. எப்போது வைத்தேன்?

"மாமா! யார்கிட்ட பேசுறீங்க?"

பின்னாலிருந்து… கையில் தண்ணீர்க் கேனோடு மச்சினன்.

மேலே நடை நின்றது.

"ஐயோ… காப்பாத்துங்க!"

"மேல யாரோ மாட்டிக்கிட்டாங்க மாமா!" கேனைப் போட்டுவிட்டு மச்சினன் பலகையில் பாய்ந்தான். இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். திமிறினான். விடவில்லை.

படார்!

மூட்டத்தின் உச்சி உள்ளே விழுந்தது. தீ ஆளுயரம் எழும்பியது. வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தோம்.

யாரும் இல்லை.

அப்படியே ஓடிவந்தோம். வாசலில் நின்ற அவன் பெண்டாட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, பழைய காடுகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் அந்த வட்டத்தைத் தோண்டினார்கள். பார்க்கப் போனேன். குழிக்குள் நின்ற பெண் விளக்கினார்.

"அடியில இருக்கிற கரி, இரும்பு உருக்கினவங்க ஆதிக் காட்டை வெட்டி எரிச்சது. அதுக்கு மேல இருக்கிறது, காடு மறுபடி வளர்ந்தப்புறம் வேற யாரோ எரிச்சது. ரெண்டு அடுக்குலயும் ஒவ்வொரு ஆள். மூட்டத்துக்குள்ள விழுந்திருக்காங்க, பாவம்."

பிறகு மேலே இருந்த கரியைக் காட்டினார்.

"இந்த மூணாவது அடுக்குலதான் யாரும் கிடைக்கல. இன்னும் தேடுறோம்."

அது நாங்கள் போட்ட மூட்டம்.