போடாத கம்பி

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதும் அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டு கிட்டாரைக் கையில் எடுத்தார். வெள்ளிக்கிழமை தோறும் தொழிற்சாலை விட்டு வந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தாங்கியருகே போனைக் கல்லில் சாய்த்து வைத்து, அம்மாவுக்காக வாசிப்பார்.

பாட்டு கிடையாது, கூட வாசிக்க ஆளும் கிடையாது. பெருவிரல் தடித்த கம்பிகளில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, உடைந்த போத்தலின் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டி மெல்லிய கம்பியில் இழுப்பார். போனில் பார்த்துப் பழகிய, அமெரிக்கக் கறுப்பினக் கிழவர்களின் வாசிப்பு அது. "பருத்திக் காட்டுல வேலை செஞ்சவங்க. நம்மள மாதிரி தோட்டத்து ஆளுங்கதான்" என்பார்.

அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். "அம்மா கேக்கவே இல்லப்பா" என்பேன். அப்பா வாசித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அந்த மெல்லிய கம்பி பட்டென்று அறுந்தது. அப்பா நிறுத்தாமல் மிச்சக் கம்பிகளில் சமாளித்தார். அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம் நின்றது.

"என்னங்க, சின்னக் கம்பி அறுந்து போச்சா?"

நான் அசந்துபோனேன். அதன்பிறகு வாராவாரம் அம்மா, "கம்பி போட்டாச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்பார் அப்பா.

அம்மாவின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கும் அப்பா, "உன் இஷ்டம் புள்ள" என்றதோடு சரி. வந்துவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷனுக்கு வாயா கிழிந்துவிடும்? நான் தனியே போய் அழுதேன்.

அந்தக் கோபத்தில் அவருடைய பையைக் குடைந்தபோது புதுக் கம்பி கிடைத்தது. ஹட்டன் டவுனில் வாங்கியது, உறைகூடப் பிரிக்கவில்லை; கூட இருந்த ரசீதில் பழைய கம்பி அறுந்த வாரத்துத் தேதி. அடுத்த வெள்ளிக்கிழமை கோள் சொன்னேன்.

"அம்மா, கம்பி வாங்கி எத்தனையோ நாளாச்சு. அப்பாதான் போடாம வச்சிருக்காரு!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா, "அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்" என்றார்.

ஒப்பந்தம் முடிந்த கையோடு அம்மா வந்துவிட்டார். வாசலில் பையை இறக்கியதும் இறக்காததுமாக, "எங்கங்க அந்தக் கம்பி?" என்றுதான் கேட்டார். சோம்பேறி அப்பாவைத் திட்டவே அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார், எல்லாம் நான் கோள் சொன்ன புண்ணியம் என்று பெருமையாக இருந்தது. ஒரு கம்பியை மாட்டுவதற்குள் அப்பா ஏன் அத்தனை தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு அன்று பிடிபடவில்லை.