லேடீஸ் வார்டில் கோடை விடுமுறை

ரிட்டயரான பஸ் கண்டக்டரின் வலது கையில் சீப்பு, இடது கையில் மனைவியின் முடி, வாயில் ரப்பர் பேண்ட். மூன்று பிரிவாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்தவருக்கு நடுவில் எது எதன் மேல் என்பது குழம்பிவிட்டது. அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"தாத்தா, கோணையா வருது," என்றாள் பேத்தி. ஆறு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு.

"ஓடுற பஸ்ல பின்னுற மாதிரி இருக்கு, கோணையாத்தான் வரும். உங்க பாட்டியைத் தலையை ஆட்டாம இருக்கச் சொல்லு."

"நான் எங்க ஆட்டுறேன்?" என்றாள் பாட்டி. "சீக்கிரம் விடுங்க. டூட்டிக்கு நேரமாச்சு."

டூட்டி முடிந்து எவ்வளவோ காலமாகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்தவள். இரண்டு விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. ஒன்று, படுக்கை விரிப்பு. ஓரத்தை மடித்து மெத்தைக்கு அடியில் அவள் செருகினால், நோயாளி எப்படிப் புரண்டாலும் கலையாது. இன்னொன்று, வார்டுக் கதவு. பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு மந்திரியே வந்து நின்றாலும் திறக்க மாட்டாள்.

மறதி நோய் வந்தபின் புருஷன் பெயர் போனது, மகள் முகம் போனது. டூட்டி மட்டும் போகவில்லை. தினமும் சாயங்காலம் கிளம்பிவிடுவாள். இரண்டு முறை படியிறங்கிப் போய்விட்டாள். ஒரு தடவை பஸ் டெப்போ வாசலிலிருந்து யாரோ ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து கண்டக்டர் வாசல் கதவுக்கு உள்பக்கமாகத் தனிக் கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். இரண்டு வருடமாக அவரும் உள்ளேதான். மளிகைக்காரர் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தலைமுடியைக் கத்திரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வார். எலி கடித்து வைத்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒருமுறை, "அக்காவைக் கண்ணுலயே காணோமே?" என்று கேட்டதற்கு, "மூட்டு வலி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் போனில் சொல்லியிருந்தாள்: "அப்பா, லீவுக்கு வாண்டுவை அங்க அனுப்புறேன். ஆனா அம்மாவையும் வச்சுக்கிட்டு இவளையும் பாத்துக்க முடியலன்னா மறைக்காதீங்க. நல்ல ஹோம் ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன். அம்மாவை அங்க சேத்துடலாம்."

"முடியாம என்ன? அம்பது சீட்டு வண்டியில நூறு பேரை ஏத்திட்டுப் போனவன் நான். ரெண்டு பேரைச் சமாளிக்க மாட்டேனா?"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. இந்த விடுமுறை ஒரு வம்பும் இல்லாமல் முடிந்தால் மனைவி வீட்டில் இருப்பாள். இல்லையென்றால் ஹோமுக்குப் போவாள். அவருக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது.

வாண்டு வந்த முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஹால், படுக்கையறை, சமையலறை, துணி காயப்போடும் பால்கனி. அத்தோடு வீடு முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் பால்கனிக் கம்பியில் முகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தாள். திரும்பும்போது கன்னத்தில் கம்பிக் கோடு விழுந்திருந்தது.

"தாத்தா, நாம ஏன் பூட்டிக்கிட்டே இருக்கோம்?"

"வெளியில வெயில்டா கண்ணு."

"சாயங்காலமுமா வெயில்?"

வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் மனைவியையும் கூட்டிப்போக வேண்டும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் மனைவி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் யாரை விடுவது?

சாயங்காலமானால் பாட்டி கதவைப் பிடித்து ஆட்டுவாள். நாலாம் நாள் வாண்டுவும் கூட நின்று ஆட்டினாள். "கதவைத் திறங்க தாத்தா! நாங்க ரெண்டு பேரும் டூட்டிக்குப் போகணும்!" கண்டக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கைதிகள் இரண்டு பேராகிவிட்டார்கள். ஜெயிலரும் உள்ளேதான் இருந்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு சிறு தீயில் வெந்துகொண்டிருந்தது. வாண்டுவின் பந்து பால்கனிக் கம்பிக்கு நடுவில் புகுந்து கீழே போய்விட்டது. வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பந்து ஒன்றுதான். ஓவென்று அழுதாள்.

"கத்தாத, பாட்டி எழுந்துடுவா. நான் இதோ எடுத்துட்டு வந்துடறேன். நீ இங்கேயே இரு."

குப்பை கொட்டப் போகும்போது வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் சின்னப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்ட அவருக்கு மனம் வரவில்லை. பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு இறங்கினார். பந்து ஒரு காருக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. குனிந்து, படுத்து, குச்சியால் தள்ளி எடுத்துக்கொண்டு மேலே வந்தார்.

கடைசிப் படியில் கால் வைக்கும்போதே உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் கிரீச்சென்று விழும் சத்தம் கேட்டது. பூட்டு வந்த பிறகு அந்தத் தாழ்ப்பாளை யாரும் தொட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

தட்டினார்.

"யாரது?" பாட்டியின் குரல். வார்டுக் குரல்.

"நான்தான். கதவைத் திற."

"விசிட்டர் நேரம் முடிஞ்சு போச்சு. சாயங்காலம் வாங்க."

"அடியே, நான் உன் புருஷன்!"

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இது லேடீஸ் வார்டு சார். கூச்சல் போடாதீங்க."

"வாண்டு! தாழ்ப்பாளை எடுடா கண்ணு!"

படுக்கையறையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "முடியாது தாத்தா! பாட்டி என்னைப் படுக்க வச்சுப் போர்வையைச் சுத்திச் செருகிட்டாங்க! எழுந்திரிக்கவே வரலை!"

இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அப்போதுதான் பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை கதவிடுக்கில் வந்தது.

இரும்புக் கதவு, தோளால் இடித்தால் தோள்தான் போகும். போன் உள்ளே இருக்கிறது. பூட்டு, சாவி, பந்து மூன்றும் அவரிடம் இருந்தன, ஒன்றும் உதவாது. பக்கத்துக் கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் தொடக்கூடிய கதவு. அதைத்தான் அவர் இத்தனை காலம் தட்டாமல் இருந்தார். இப்போது இரண்டு கையாலும் தட்டினார்.

தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு வந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரிக்கு..." என்று ஆரம்பித்தார். "மூட்டு வலி இல்லீங்க."

"தெரியும் சார். நடுவுல இருக்கறது ஒத்தைச் செங்கல் சுவர். தினமும் டூட்டிக்கு நேரமாச்சுன்னு எனக்கும்தான் கேக்குது. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். இப்ப என்ன ஆச்சு?"

ஒரே மூச்சில் சொன்னார். ஆம்பளைக் குரலுக்குத் திறக்க மாட்டாள். ஆனால் அடுத்த ஷிப்ட் ஆயா வந்தால் வார்டை ஒப்படைத்தே ஆகவேண்டும்.

தையல்காரம்மா டேப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் தட்டினாள். "அக்கா! மாத்தி விட வந்திருக்கேன்!"

"ஏன் லேட்டு?"

"பஸ் கிடைக்கல அக்கா."

"பஸ் மேல பழி போடாத. எங்க வீட்டுக்காரர் கண்டக்டர். அவர் வண்டி ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல, தெரியுமா?"

வெளியே நின்ற கண்டக்டர் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் விலகியது.

பாட்டி வாசலை மறித்து நின்று ஒப்படைத்தாள். "கட்டில் ஒண்ணு காலி. இன்னொண்ணுல குழந்தை கேஸ். சேட்டை ஜாஸ்தி, அழுதுச்சு, இப்ப தேவலை. அங்க என்னமோ தீயுது, யார்கிட்டயாவது சொல்லு."

"சரிக்கா. நான் பாத்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க."

கண்டக்டர் அவர்களைத் தாண்டி ஓடி அடுப்பை அணைத்தார். பருப்பும் பாத்திரமும் ஒன்றாகிவிட்டிருந்தன. பிறகு படுக்கையறைக்குப் போய்ப் போர்வையின் ஓரத்தை இழுத்தார். லேசில் வரவில்லை; காலைக் கட்டிலில் உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது.

"தாத்தா, பாட்டி எனக்கு ஜுரம் பாத்தாங்க," என்றாள் வாண்டு. "இல்லையாம். நாளைக்கு டிஸ்சார்ஜாம்."

அன்று சாயங்காலம் பாட்டி கதவை ஆட்டவில்லை. வார்டை இன்னொருத்தியிடம் விட்டாயிற்று. இனி என்ன அவசரம்? காலை நீட்டி உட்கார்ந்து வாண்டுவுக்குத் தலை வாரினாள். பின்னல் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. இது தினமும் பலிக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். இந்த நோயில் இன்றைக்குச் சரியாக இருப்பது அடுத்த வாரம் இருக்காது. ஆனால் அன்று பலித்தது.

மகளுக்கு வாண்டு சொல்வதற்கு முன்னால் அவரே போன் செய்து சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"பாத்திரம் போனா போகட்டும்," என்றாள் மகள். "பக்கத்து வீட்டு அக்கா நம்பரை அனுப்புங்க, நான் பேசணும். ஹோம் விஷயம் லீவு முடியட்டும், நேர்ல பாக்கலாம். ஆனா இன்னொரு தடவை மறைச்சீங்க, பெட்டியோட வந்து நிப்பேன்."

மறுநாள் காலையில் கண்டக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப்பிடித்த திருகாணிகளை வாண்டு ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டாள். பூட்டின் இன்னொரு சாவியைத் தையல்காரம்மாவின் மெஷினுக்கு மேலே, கத்திரிக்கோல் தொங்கும் ஆணியில் மாட்டினார். அவள் தைக்கவேண்டிய ரவிக்கைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, "டூட்டிக்கு வந்துட்டேன் அக்கா," என்று கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நேரத்துக்கு வந்துட்டியே," என்றாள் பாட்டி.

கண்டக்டர் சட்டை மாற்றிக்கொண்டு பேத்தியின் கையைப் பிடித்துப் படியிறங்கினார். முதலில் முடிவெட்டும் கடை. கடைக்காரர் அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யார் சார் வெட்டினது?"

"ஒரு அரைகுறை. இனிமே அவன்கிட்ட போக மாட்டேன்."

"பாப்பாவுக்கும் வெட்டணுமா?"

"வேணாம்," என்றாள் வாண்டு, பந்தை மடியில் வைத்துக்கொண்டு. "எனக்கு டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு. நான் விளையாடப் போகணும். தாத்தாவுக்குச் சீக்கிரம் வெட்டுங்க."