பின்னோக்கி ஏறும் மோட்டார்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் சாலையில், ஒரு மேட்டின் அடிவாரத்தில் வாடகை மோட்டாரைச் சட்டென்று நிறுத்துகிறார் ஓட்டுநர் முனியாண்டி. பித்தளை விளக்கு வைத்த பழைய வண்டி. நானோ அங்கே பதினொரு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

"பெட்ரோல் கொஞ்சமாத்தான் இருக்கு அண்ணே. டேங்கு சீட்டுக்கு அடியில. வண்டி மூஞ்சியத் தூக்குனா எஞ்சினுக்கு எண்ணெய் போவாது. ரிவர்ஸ்ல ஏறிடலாம்."

வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே மேட்டில் ஏற்றுகிறார். பின்னால் வந்த புத்தம்புது கார் இப்போது எங்கள் முகத்துக்கு எதிரே ஏறி வருகிறது. அதில் இருக்கும் தொப்பிக்காரர் முதலில் முறைக்கிறார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி தொப்பியைத் தூக்குகிறார். நான் கும்பிடுகிறேன். புதுச் சம்பந்திகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே உச்சிக்கு வந்து சேர்கிறோம்.

மிச்சப் பெட்ரோல் ஊர் வரை தாங்குமா என்ற கவலையில், வண்டியை நிறுத்தச் சொல்லி, இருக்கையைத் தூக்கி டேங்குக்குள் நானே குச்சியை விட்டுப் பார்க்கிறேன். கழுத்து வரை நிறைந்திருக்கிறது.

"என்னய்யா இது?"

"நேரா ஏறுனா யாரு அண்ணே சிரிப்பாங்க?"

கடிகாரத்தைப் பார்க்கிறேன். மணி ஒன்பதரைதான்.

"இறக்கு. இன்னொரு தரம் ஏறலாம்."