ஜெனரேட்டர் வைக்காத காதுகுத்து

எங்கள் வீட்டில் கரண்ட் என்பது ஒரு சொந்தக்காரர் மாதிரி. அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அப்படியொரு நினைப்பு.

என்னை ஒருமுறை அங்கே கூட்டிப்போனார்கள். கடலோர அனல்மின் நிலையத்திலிருந்து எங்கள் நெல் வயல்களைத் தாண்டிக் கோபுரம் கோபுரமாக வந்த கம்பிகள் அந்த வேலிக்குள் இறங்கின. அங்கிருந்து இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு ஒரு வழி, மாத்திரை செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு வழி, வீடும் பம்புசெட்டுமாக எங்கள் கிராமங்களுக்கு ஒரு வழி என்று பிரிந்து போயின. அத்தனைக்கும் நடுவில் டிபன் டப்பாவும் டெலிபோனுமாக அத்தை உட்கார்ந்திருந்தார். பாதித் தாலுகாவுக்கு வெளிச்சம் கொடுப்பது எங்கள் அத்தைதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். அப்பா அதையே டீக்கடையில் சொல்லிவைத்தார்.

எனக்கு ஏழு வயதில் காதுகுத்து வைத்தார்கள். பந்தல்காரர் ஜெனரேட்டர் வேண்டுமா என்று கேட்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு? என் தங்கச்சியே ட்யூட்டில கீறா. நம்ம ஊட்டுக் கரண்டு எங்க பூடும்?"

திருவள்ளூரிலிருந்து தன் அண்ணன்மார் சீர்வரிசையோடு வரும்போது விளக்கு அணைந்தால் மானம் போய்விடும் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அப்பா காதில் வாங்கவில்லை.

அன்று மத்தியானம் பேய்க்காற்று அடித்தது. சாயங்காலம் மாமாக்கள் வேனிலிருந்து இறங்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. சீரியல் விளக்கு, மைக் செட்டு, வாடகைக்கு எடுத்த பெரிய மின்விசிறி எல்லாம் ஒன்றாக நின்றன. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அத்தைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"மரம் உயுந்துட்ச்சிண்ணா. லைன்ல ஆளு வேலை செய்றாங்கோ. நான் கைய வைக்க முடியாது" என்று சொல்லி அத்தை வைத்துவிட்டார்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, குறும்புக்குப் பேர்போனவர். "அத்தினி மில்லுக்குப் போவுது, அதுல ஒரு சொம்பு நம்ம பக்கம் திருப்பி வுட்டா இன்னா? ஆளு எப்பவோ எறங்கி டீ குட்ச்சிக்கினு இருப்பான்" என்றார். பந்தல்காரரின் போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வேறு யாரோ போலக் கரகரத்த குரலில் பேசினார்.

"மேடம், வேலை முடிஞ்சிச்சி. லைன் போடுங்கோ."

ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வந்தது.

"கரண்ட நிறுத்தச் சொல்லி லைன் க்ளியர் வாங்குன லைன்மேன் எறங்கி, அவரே பேசணும். நீங்க யாரு பேசறது?"

சித்தப்பா படக்கென்று போனை வைத்தார். பந்தலே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். சித்தப்பா எனக்காக எது வேண்டுமானாலும் செய்வார் என்று பெருமையாக இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்ததால் பெரிய மாமா தன் வேனைப் பந்தலைப் பார்க்கத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டார். அந்த வெளிச்சத்தில்தான் அவர் மடியில் உட்கார்ந்து நான் காது குத்திக்கொண்டேன். மச்சான் வீட்டு வெளிச்சத்தில் மகளுக்குக் காதுகுத்து. அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முதல் பந்தி முடியும்போது கரண்ட் வந்தது. ட்யூட்டி மாறிய கையோடு அத்தையும் வந்தார். அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் பைக்கில் ஒரு மனிதர் வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள், முழங்கையில் சிராய்ப்பு. மத்தியானத்திலிருந்து சாப்பிடாத லைன்மேன் என்று சொல்லி, அத்தையே அவருக்கு இலை போட்டார். அவர் ரொம்பக் கலகலப்பானவர்.

"ஏரிக்கரைல மரம் ஒடிஞ்சி லைன் மேல உயுந்துட்ச்சி சார். நடுவுல எவனோ ஒரு பேமானி, வேலை முடிஞ்சிச்சின்னு மேடத்துக்குப் போன் அட்ச்சிக்கீறான். மேடம் நம்பாம கீழ நின்ன ஹெல்ப்பரைக் கேக்குறாங்கோ. அந்நேரம் நான் கம்பத்து மேல ரெண்டு கையாலயும் கம்பியப் புட்ச்சிக்கினு கீறேன்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை நிற்கவே இல்லை. இலை நிரம்பி, பாயசம் மேஜையில் வழிந்தது.

"போதும்ணா" என்றார் அத்தை, மெதுவாக. எவ்வளவு மாற்றிப் பேசினாலும் கூடப்பிறந்தவன் குரல் தெரியாமலா இருக்கும்? ஆனால் இன்றுவரை அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த லைன்மேன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. போன வருஷம் என் கல்யாணத்துக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்கு வெளியே அப்பா வைத்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா அவரை எதிர்கொண்டு அழைத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

காதுகுத்து அன்று எனக்கு அந்த லைன்மேன்மேல் கோபம்தான். கடைசிப் பாயசத்தை அவர் இலையில் கொட்டிவிட்டார்கள் என்று ஓவென்று அழுதேன். சித்தப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். பார்த்தால் அவர் கண்ணிலும் தண்ணீர். காது குத்தியது எனக்கு, பாயசம் கிடைக்காததும் எனக்கு, இவர் எதற்காக அழுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.